உட்கார்ந்தால் மட்டும் தெரிகிற மரம்

போன வாரம் பண்ருட்டியில் ஒரு கல்யாணம். முதல் பந்தி. பாயசம் வந்துகொண்டிருந்த நேரம். என் பக்கத்தில் என் மனைவி அமுதா. எதிர் வரிசையில், சாம்பார் வாளியைக் கீழே வைத்துவிட்டு நின்றபடி கதை சொல்லிக்கொண்டிருந்தார் ஜெயவேல் — அமுதாவின் அண்ணன், என் மச்சான்.

கதை எங்கள் வீட்டைப் பற்றியது.

"தானே புயல்ல கடலூரே தரையோட படுத்துருச்சு. எந்தங்கச்சி வூடு மட்டும் ஜம்முன்னு நிக்குது. எப்பிடி? அந்த நாவ மரத்த மொதல்லியே வெட்டித் தள்ளிட்டன்ல! அன்னிக்கி ரெண்டு பேரும் எங்கூட மூஞ்சி குடுத்துப் பேசல. இன்னிக்கி கேட்டுப் பாருங்க, அவுங்களே சொல்லுவாங்க."

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் திரும்பி எங்களைப் பார்த்தார்கள். ஒரு பெரியவர், "தீர்க்கதரிசிய்யா நீ" என்றார்.

நான் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தேன். இந்தக் கதையைப் பலமுறை கேட்டாயிற்று. ஒவ்வொரு முறையும் காற்றின் வேகம் கொஞ்சம் கூடும்... மரத்தின் உயரமும் கூடும்.

அமுதா பாதிச் சாப்பாட்டில் இலையை மூடினாள். எழுந்தாள். கை கழுவப் போகிறாள் என்று நினைத்தேன். நேராக அண்ணன் முன்னால் போய் நின்றாள்.

"கொஞ்சம் வெளிய வாண்ணே. ஒண்ணு சொல்லணும்."

அவள் என்ன சொன்னாள் என்பதற்கு முன்னால், அந்த மரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். மரத்துக்கு முன்னால், ஜப்பானைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆமாம், ஜப்பான்தான்.

2006-ல் நான் வேலை பார்த்த கம்பெனி என்னைப் பயிற்சிக்காக அங்கே அனுப்பியது. ஜப்பான் போய் ஒரு எலக்ட்ரானிக்ஸ் சாமான்கூட வாங்காமல் திரும்பிய ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். கொண்டுவந்ததெல்லாம் கொஞ்சம் போட்டோ. அதுவும் இரவல் கேமராவில் எடுத்தது.

எனக்குப் பயிற்சி கொடுத்த சூப்பர்வைசர் ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். அவரும் மனைவியும் மட்டும்தான். வீடு எவ்வளவு பெரிசு என்கிறீர்கள்? நம் ஊரில் கார் நிறுத்த இதைவிடப் பெரிய ஷெட் போடுவார்கள். தள்ளித் திறக்கிற கதவுகள். தரையில் பாய். மேஜை ஒன்று, முழங்கால் உயரத்துக்கு. வேறு சாமானே கண்ணில் படவில்லை. 'பாவம், இன்னும் வீட்டுக்குச் சாமான் வாங்கவில்லை போல' என்று நினைத்துக்கொண்டேன்.

ஹாலில் ஒரு ஜன்னல். அதை ஜன்னல் என்று சொல்லவே எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. தரையிலிருந்து ஆரம்பித்து இடுப்புக்குக் கீழேயே முடிந்துவிட்டது. கொத்தனார் தப்பாக வைத்துவிட்டாரா?

அந்த அம்மாள் சிரித்தபடி, உட்காருங்கள் என்று சைகை காட்டினார். உட்கார்ந்தேன்.

வெளியே ஒரு மரத்தின் அடிப்பாகம். பாசி படர்ந்த வேர். லேசான தூறல். அவ்வளவுதான். கிளை தெரியவில்லை, வானம் தெரியவில்லை, பக்கத்து வீடு தெரியவில்லை. நின்றால் சுவர். உட்கார்ந்தால் மரம்.

அந்த ஒரு ஜன்னலுக்காகத்தான் அந்த வீட்டையே கட்டியிருக்கிறார்கள் என்பது எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. அன்றைக்குச் சாப்பாடு என்ன போட்டார்கள் என்பது இப்போது ஞாபகமில்லை.

அப்போது நாங்கள் சிதம்பரத்தில், கீழவீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் வாடகைக்கு இருந்தோம். எங்கள் படுக்கையறை ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். கையை நீட்டினால் தொடலாம். போட்டோ பார்க்க வந்த சொந்தக்காரர்களுக்குப் பெரிய ஏமாற்றம். "இந்தக் குச்சு வூட்டப் பாக்கவா ப்ளேன் ஏறிப் போன?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அமுதா மட்டும் அந்த ஜன்னல் போட்டோவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்த வீட்ல எத்தன பேரு?"

"ரெண்டு பேர்தான். கொழந்த இல்ல."

அவள் அந்தப் போட்டோவை மட்டும் தனியே எடுத்து வைத்துக்கொண்டாள்.

இத்தனை வருடமாக எழுதுகிறேன், ஒரு விஷயத்தை மட்டும் பத்திரிகையில் வருகிற இந்தப் பத்தியில் எழுதியதில்லை. எங்களுக்குக் குழந்தை கிடையாது. பாண்டிச்சேரி, சென்னை என்று பல வருடம் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கினோம். இரண்டு முறை தங்கியது. இரண்டு முறையும் கலைந்தது. 2005-ல் ஒரு கட்டி. டாக்டர்கள் வேறு வழியில்லை என்று கர்ப்பப்பையையே எடுத்துவிட்டார்கள். அதோடு அந்தக் கதை முடிந்தது.

முடிந்தது எங்களுக்கு மட்டும்தான். ஊருக்கு, 'ஒரு சின்ன ஆபரேஷன், கட்டியை எடுத்தாச்சு.' ஏன் மறைக்க வேண்டும் என்று அப்போதே அமுதாவிடம் கேட்டேன்.

"சொன்னா எல்லாரும் கெளம்பி வந்து அழுவாங்க. அவங்கள யாருங்க சமாதானப்படுத்துறது?"

நியாயம்தானே?

கடலூர் முதுநகரைத் தாண்டி ஒரு புது நகரில் சின்னதாக ஒரு மனை வாங்கினோம். மணல் கலந்த மண். சுற்றிலும் முந்திரி. மற்ற மனைகளையெல்லாம் ஜேசிபி விட்டு மொட்டையடித்திருந்தார்கள். எங்கள் மனையில் மட்டும், வடகிழக்கு மூலையில் ஒரு நாவல் மரம் தப்பித்திருந்தது. அதனாலேயே அந்த மனை விற்காமல் கிடந்தது என்று புரோக்கரே சொன்னார். அதனாலேயே அமுதா அதை வாங்கச் சொன்னாள்.

கிராஃப் தாளில் அவளே பிளான் போட்டாள். ஒரு ஹால், ஒரு படுக்கையறை, ஒரு சமையலறை. ட வடிவத்தில் வீடு மரத்தைச் சுற்றிக்கொண்டு போகும். ஹாலில் அந்த ஜன்னல், தரையிலிருந்து. உட்கார்ந்தால் நாவல் மரத்தின் அடிமரமும் வேரும் மட்டும் தெரியும். கூரை தாழ்வாக, ஓடு வேய்ந்து, நன்றாக வெளியே நீட்டி. மழைத் தண்ணீர் பைப்பில் இறங்காது, சங்கிலி பிடித்து இறங்கும். ஜப்பானில் அப்படித்தான் வைத்திருந்தார்கள். சிதம்பரம் பாத்திரக் கடையில் சின்னச் சின்னப் பித்தளை டம்ளர்களாக வாங்கி, அடியில் ஓட்டை போட்டு, வெல்டரிடம் கொடுத்து, ஒரு சங்கிலியும் செய்துவிட்டாள்.

"இன்னொரு ரூம்?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"எதுக்கு?" என்றாள். தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "ரெண்டு பேருக்கு எவ்ளோ வேணுமோ அவ்ளோ போதும்."

இன்னொரு ரூம் வேண்டாம் என்று அந்தத் தாளில் எழுத அவளுக்கு எவ்வளவு காலம் ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியும். அதுவரை பார்த்த எல்லா வாடகை வீட்டிலும், "இது குழந்தைக்கு ஆகும்" என்று ஒரு அறையைக் காட்டுவாள். இப்போது, இல்லை என்பதை ஒரு வீடாகவே வரைந்துவிட்டாள். அந்தப் பிளானைப் பார்த்தபோது எனக்கு முதல்முறையாக அவளைப் பற்றிய பயம் விட்டது.

சரி, வீட்டை யார் கட்டுவது?

இதில் யோசிக்க என்ன இருக்கிறது... மச்சான்தான். பண்ருட்டியில் பெரிய கான்ட்ராக்டர். அமுதாவின் அப்பா சீக்கிரமே போய்விட்டார். தங்கையைப் படிக்க வைத்தது, கட்டிக்கொடுத்தது, ஆஸ்பத்திரிக்கு அலைந்த நாளெல்லாம் சாப்பாட்டு கேரியரோடு வந்து வெளியே நின்றது, எல்லாம் அவர்தான். நாற்பதை நெருங்குகிற தங்கையை இன்னும் 'பாப்பா' என்று கூப்பிடுகிற மனுஷன். பலா சீசன் வந்தால் ஜீப்பின் பின்னால் பழத்தைப் போட்டுக்கொண்டு சிதம்பரம் வந்துவிடுவார். நல்லவர். இதைச் சொல்லாமல் விட்டால் மற்றதைச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

அவர் கட்டுகிற வீடுகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். முன்பக்கம் ரோஸ் கலர். மாடிக் கைப்பிடிச் சுவரில் தாமரை. நான்கு தூண். அமுதாவின் பிளானைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பாப்பா, இது வூடா... இல்ல, மோட்டார் கொட்டாவா?"

"வீடுதாண்ணே."

"ஜன்னலு இன்னா கீழ கெடக்குது? பாம்பு வர்றதுக்கா?"

"கம்பி வலை அடிச்சுக்கலாம்."

"பாய்ல ஒக்காரணும், செருப்ப வெளிய வுடணும். இதுக்கு எதுக்கு ஜப்பானு? எங்க வூட்டுலயும் அதான செய்யறம்?" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். இதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. சங்கிலியைத் தூக்கிப் பார்த்து, "இதுல இன்னாத்தக் கட்டப் போறீங்க மச்சான், மாட்டையா?" என்றார்.

எல்லோரும் சிரித்தோம். அமுதாவும்தான். கடைசியில் "ஒனக்குப் புடிச்சிருக்குல்ல? கட்டிர்றன், வுடு" என்று பிளானை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மரத்தைச் சுற்றி ஒரு கயிறு கட்டச் சொன்னாள் அமுதா, லாரி இடித்துவிடாமல் இருக்க. அவரே கட்டினார்.

2009-ல் வேலை ஆரம்பமானது. வாரக் கடைசியில் சிதம்பரத்திலிருந்து பஸ் ஏறிப் போய்ப் பார்ப்போம். சுவர் எழும்பியது. ஜன்னலுக்கு இடம் விட்டிருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அமுதா செங்கல் தூசிமேலேயே உட்கார்ந்து அந்த ஓட்டை வழியாகப் பார்த்தாள். நாவல் பழம் விழுந்து மண்ணெல்லாம் ஊதா. ஒரு அணில் வந்து பழத்தை எடுத்துத் தின்றது. "ஏங்க, ஒக்காந்து பாருங்களேன்" என்றாள். உட்கார்ந்தேன். பக்கத்தில் கலவை போட்டுக்கொண்டிருந்த பெண்கள் எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். சிரிக்கட்டுமே! அந்த வீட்டில் நாங்கள் சந்தோஷமாக இருந்தது அன்றைக்குத்தான்.

அடுத்து ஆனித் திருமஞ்சனம் வந்தது. தேர் நேரத்தில் கீழவீதிப் பக்கம் குடியிருப்பவர்கள் வெளியூர் போக நினைப்பதுகூட வீண். தேர் பார்க்க வருகிற சொந்தக்காரர்கள் வீடு முழுக்க. மச்சானும் போன் செய்தார். "இந்த வாரம் வராதீங்க மச்சான், சென்ட்ரிங் வேல நடக்குது, நிக்க எடம் இருக்காது. அடுத்த வாரம் வாங்க, ஒரு சர்ப்ரைஸ் இருக்குது."

விருந்தாளிகளை அனுப்பிவிட்டு, அடுத்த வாரம் போனோம்.

மெயின் ரோட்டில் இறங்கித் திரும்பினாலே மரத்தின் தலை தெரியும். அமுதா திரும்பியதும் நின்றாள்.

"ஏங்க... தெரு மாறி வந்துட்டமா?"

மாறி வரவில்லை. தெரு அதேதான். வீடும் அதேதான். மரம் இருந்த மூலையில் புதிதாக அஸ்திவாரம் போட்டு, சுவர் இடுப்பளவு எழும்பியிருந்தது. ட மாதிரி இருந்த வீடு சதுரமாகியிருந்தது. ஹால் ஜன்னலுக்கு நேராக அந்தப் புதுச் சுவர்.

மச்சான் தலையில் துண்டோடு ஓடி வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"வா பாப்பா வா! இது யாரு ரூமுன்னு சொல்லு பாப்பம்?"

அமுதா மரம் இருந்த இடத்தையே பார்த்தாள்.

"திருக்கோவிலூர்ல ஒரு வாஸ்துக்காரரு. பெரிய ஆளு. ஒம் பிளானக் காட்டுனன். பாத்த ஒடனே சொல்லிட்டாரு — ஈசானிய மூல வெட்டுப்பட்டு நிக்குது, அங்க மரம் வேற, இந்த வூட்டுல வாரிசு எப்பிடி நிக்கும்னு. எனக்கு ஒடம்பே ஆடிப்போச்சு மச்சான். அதான், ஒங்களக் கேட்டா வேணாம்பீங்கன்னு நானே முடிச்சிட்டன். காசு கீசுன்னு பேசாதீங்க. இது மாமன் சீரு. பொறக்கப்போற புள்ளைக்கி மாமன் கட்டுற ரூமு."

கொத்தனார், சித்தாள் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நல்ல சேதி கேட்கிறவர்களின் முகம்.

அமுதா ஒன்றே ஒன்று கேட்டாள்.

"வேரு எங்கண்ணே?"

"வேரா? ஜேசிபி வுட்டு மொத்தமாப் பேத்தாச்சு. ஒரு துண்டு கெடையாது. இனிமே தொல்லையே இல்ல."

அவள் புது அறைக்குள் போகவில்லை. சங்கிலி சுற்றி வைத்த சாக்கு மூலையில் கிடந்தது. அதைக் கொஞ்சம் நேராக எடுத்து வைத்துவிட்டு, பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தாள். மச்சான் என்னைப் பார்த்தார். "இன்னா மச்சான், சந்தோசத்துல அழுவுதா?"

நான் அவள் பின்னால் போனேன். வேறு என்ன செய்வது?

பஸ் ஆலப்பாக்கம் தாண்டியது. அப்புறம் நான்தான் ஆரம்பித்தேன்.

"சொல்லிடலாம் அமுதா. உங்க அண்ணன்கிட்ட மட்டுமாவது."

"சொன்னா அவரு ஒடஞ்சு போயிருவாரு."

"அப்ப அந்த ரூம்? இடிக்கச் சொல்லலாம்ல?"

"ஏன் இடிக்கணும்னு கேப்பாரே. இன்னாங்க சொல்றது?"

அதுதான் சிக்கல். அறையை இடிக்க வேண்டுமானால் காரணம் சொல்ல வேண்டும். காரணத்தைச் சொன்னால் அண்ணன் இடிந்துபோவார். அவள் அறையை அப்படியே விட்டுவிட்டாள்.

நான் ஒன்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். நமக்கு வேண்டாதவன் ஒரு மரத்தை வெட்டினால் போலீஸுக்குப் போகலாம், கோர்ட்டுக்குப் போகலாம், தெருவில் நின்று கத்தவாவது கத்தலாம். பிரியத்தில் வெட்டினால்? காபி போட்டுக் கொடுக்க வேண்டும். நம்மிடையே பிரியம் என்பது எதையும் கேட்டுச் செய்வதில்லை. கேட்டால் அதற்குக் கௌரவக் குறைச்சல்.

தை மாதம் கிரகப்பிரவேசம். வந்தவர்கள் எல்லோரும் அந்தப் புது அறையைத்தான் முதலில் பார்த்தார்கள். மச்சான் அதற்கு மட்டும் இளம் மஞ்சள் பெயின்ட் அடித்து, தொட்டில் மாட்டக் கொக்கியும் போட்டிருந்தார். "அடுத்த வருசம் இங்க பேர் வைக்க வரணும்" என்று ஆளாளுக்கு அமுதாவின் கன்னத்தை வழித்தார்கள். அவள் எல்லோருக்கும் குங்குமம் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

ஹால் ஜன்னல்? திறந்தால் சுவர்தானே என்று, மச்சான் அதை அடைத்துக் கண்ணாடி போட்டு ஷோகேஸ் ஆக்கியிருந்தார். கிரகப்பிரவேசத்துக்கு வந்த பரிசுகள் எல்லாம் அதில் உட்கார்ந்தன. பிளாஸ்டிக் அன்னப்பறவை. கடிகாரம். மூன்று பிள்ளையார். ஜப்பானில் மரம் பார்த்த உயரத்தில் நான் தினமும் அன்னப்பறவையைப் பார்க்கிறேன்.

அமுதா அண்ணனோடு சண்டை போடவில்லை. பேசுவது மட்டும் குறைந்துபோனது. பலாப்பழம் வந்தால் வாங்கி வைப்பாள், அறுக்க மாட்டாள். அக்கம்பக்கம் கொடுத்துவிடுவாள். அவர் சொந்தக்காரர்களிடமெல்லாம் சொல்லிப் புலம்பினார். "ஒரு மரம்... ஒரே ஒரு மரத்துக்காவ கூடப் பொறந்தவன இப்பிடி வெச்சிருக்காளே."

2011 கடைசியில் தானே புயல் வந்தது. அந்தக் காலையை எங்கள் பக்கத்து ஆட்களிடம் விவரிக்கத் தேவையில்லை. விடிந்து பார்த்தால் நகரைச் சுற்றி ஒரு மரம் நிற்கவில்லை. கரண்ட் கம்பங்கள் தெருவில் படுத்திருந்தன. நகர் வருவதற்கு முன்பே இருந்த அடுத்த வீட்டின் வேப்பமரம் அவர்கள் சமையலறைமேல் கிடந்தது. எங்கள் வீட்டில் கொஞ்சம் ஓடு நகர்ந்ததோடு சரி.

ரோடு திறந்ததும் மச்சான் பைக்கில் வந்தார். வழியெல்லாம் மரத்தைத் தாண்டித் தாண்டி, சட்டையெல்லாம் சேறு. பக்கத்து வீட்டைப் பார்த்தார். எங்கள் வீட்டைப் பார்த்தார்.

"பாத்தீங்களா மச்சான்? அந்த நாவ மரம் நின்னுருந்தா?"

விழுந்திருக்குமா? எனக்குத் தெரியாது. வெட்டிய மரத்தைப் பற்றி யாரும் எது வேண்டுமானாலும் சொல்லலாம். அது எழுந்து வந்து மறுக்கப் போவதில்லை.

சொல்லிவிட்டு அப்படியே படியில் உட்கார்ந்தார். அப்புறம்தான் அழ ஆரம்பித்தார். பண்ருட்டியில் அவருடைய தோப்பு மொத்தமும் போய்விட்டது. அவர் அப்பா வைத்த பலா, முந்திரி, ஒன்று மிச்சமில்லை. "அப்பா கையால வெச்சது பாப்பா... புள்ளைங்க மாதிரி நின்னுச்சுங்க... வேரோட சாஞ்சி கெடக்குது. பாக்க முடியல."

அமுதா அவருக்குத் துண்டும் தண்ணீரும் கொடுத்தாள். டீ போட்டுக் கொடுத்தாள். பக்கத்தில் உட்கார்ந்தாள். எல்லாவற்றையும் அன்றைக்கே சொல்லிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தாளாம். மரம் போய்விட்டதே என்று அழுதுகொண்டிருப்பவரிடம் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை என்று பிறகு என்னிடம் சொன்னாள்.

கிளம்பும்போது அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்த மஞ்சள் அறையை எட்டிப் பார்த்தார். "இது தப்பிச்சுது பாரு. சாமி காரணமில்லாம வுடல. ஒருநாளைக்கி ஆள் வரும் பாப்பா."

அந்த அழுகையை அவர் பிறகு யாரிடமும் சொன்னதாகத் தெரியவில்லை. ஊரில் பரவியது மரத்தை வெட்டி வீட்டைக் காப்பாற்றிய கதைதான்.

இப்போது கல்யாணத்துக்கு வருகிறேன்.

மண்டபத்துக்குப் பின்னால் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அமுதா சத்தமாகப் பேச வேண்டியிருந்தது. வாழ்நாளில் மெதுவாகச் சொல்ல நினைத்த ஒரே விஷயத்தை அவள் கத்திச் சொல்ல வேண்டியதாயிற்று.

"எனக்குக் கர்ப்பப்பை இல்லண்ணே. அன்னிக்கி எடுத்தது கட்டி மட்டும் இல்ல. கர்ப்பப்பையவே எடுத்துட்டாங்க. வீட்டுக்கு பிளான் போடறதுக்கு முன்னாடியே."

மச்சானுக்கு முதலில் காதில் விழவில்லை போல. பிறகு விழுந்தது. கையில் இருந்த சாம்பார்க் கரண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப... நான் அந்த ரூமு கட்டும்போது...?"

"ஆமாண்ணே."

"சொல்லலியே பாப்பா. அப்பவே ஒரு வார்த்த சொல்லியிருந்தா அந்த மரத்துல கை வெச்சிருக்க மாட்டனே!"

"சொல்லாட்டியும் வெக்காம இருந்திருக்கலாம்ணே. அது என் மரம்தான?"

அவர் கரண்டியை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார். அப்புறம் சட்டென்று ஒரு வேகம் வந்தது. கான்ட்ராக்டர் அல்லவா!

"இடிச்சிர்றன் பாப்பா. நாளைக்கே ஆளோட வர்றன். ரூம எடுத்துட்டு, வேற ஒரு நாவக் கன்னு..."

"அண்ணே!" என்றாள் அமுதா. அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒண்ணும் செய்யாதண்ணே. தயவுசெஞ்சு... இனிமே எனக்காக ஒண்ணும் செய்யாத."

அதற்கு மேல் அவள் அழுதாளா, அவர் அழுதாரா என்று நீங்கள் கேட்பீர்கள். யாரும் அழவில்லை. அடுத்த பந்திக்கு ஆட்கள் உட்கார்ந்துவிட்டார்கள் என்று உள்ளேயிருந்து யாரோ கூப்பிட்டார்கள். மச்சான் உள்ளே போய் வாளியை எடுத்துக்கொண்டார். வரிசையாகப் பரிமாறிக்கொண்டு போனார். யாரோ, "புயல் கதையச் சொல்லுய்யா" என்றார்கள். அவர் காதில் விழாத மாதிரி அடுத்த இலைக்கு நகர்ந்தார். அதன்பிறகு எங்களுக்குப் போன் வரவில்லை. நாங்களும் செய்யவில்லை.

இதை எழுதட்டுமா என்று அமுதாவிடம் கேட்டேன். இவ்வளவு காலம் மூடி வைத்தது ஆயிற்றே.

"எழுதுங்க" என்றாள். "இனிமே யாரும் நேர்ல வந்து கேக்க மாட்டாங்கல்ல?"

இந்த வருடம் நம் மாவட்டத்தில் கரண்ட் எந்த லட்சணத்தில் வருகிறது என்று உங்களுக்கே தெரியும். வேறு வழியில்லாமல் நாங்களும் இன்வெர்ட்டர் வாங்கிவிட்டோம். சின்ன வீடு. பேட்டரி வைக்க இடம் வேண்டுமே? காலியாக இருந்த ஒரே அறையில் வைத்திருக்கிறோம்.

கரண்ட் போகும்போதெல்லாம் ஒரு கீச்சுச் சத்தம் கொடுக்கிறது. அமுதா ஓடிப்போய்ப் பார்க்கிறாள்.